அறுக்காத ஆடு

கத்தியை உருவிக்கொண்டு கறிக்கடைக்காரர் ஓடியது வீண். குண்டுச் சிதறல் பட்டு நடுத்தெருவில் விழுந்த ஆடு, அவர் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. ஒரு மூச்சு மிச்சமிருந்தால்கூட ஆண்டவன் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்திருப்பார், ஹலாலாகியிருக்கும். மனசு கேட்காமல் கழுத்தில் கத்தியை இழுத்துப் பார்த்தார். ரத்தம் பீறிடவில்லை. பின்தொடை ஒன்றை மட்டும் வெட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக் கடைக்குத் திரும்பினார்.

படை ஊரை வளைத்து இருபத்தாறு நாளாகிறது. மாவு தேடிப் போன தங்கச்சி புருஷன் போனவன் போனவன்தான். கடையின் பின்னறையில் தங்கச்சியும் அவளுடைய நாற்பது நாள் பெண் குழந்தையும் கிடந்தார்கள். அவளுக்குப் பால் வற்றி ஒரு நாள் ஆயிற்று. குழந்தை அழுகையையும் விட்டுவிட்டது.

“உசுரோட இருந்துச்சா, அண்ணே?”

“இருந்துச்சு, இருந்துச்சு. பிஸ்மி சொல்லித்தான் அறுத்தேன்.”

அவள் கறியைக் கட்டை விரலால் அழுத்தினாள். கறுப்பாகக் கசிந்தது.

“இத்தனை வருஷம் உன் கடைக் கறியைக் கழுவின கை இது. யார்கிட்ட கதை விடுற? ரத்தமெல்லாம் உள்ளேயே நிக்குது.”

“சொன்னா நீ தின்னமாட்டேன்னு பயந்துட்டேன்.”

பயம் பாதிதான். முப்பது வருஷத்தில் செத்த கறி இந்த வாசற்படி ஏறியதில்லை என்ற வீம்பு மீதி.

“நல்லா பயந்தே போ! உசுரு போற நிலைமையில செத்த கறியும் தின்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? ஆண்டவனே விட்டுக்கொடுத்ததுக்கு, நீ எதுக்கு நடுவுல ஒரு பொய்யைச் செருகுற?”

அவர் வெட்டுக்கட்டையைப் பிளந்து அடுப்பு மூட்டினார்.

வெந்ததும் அவள் ஏழெட்டு வாய் தின்றாள். தட்டைத் தள்ளினாள். “போதும். உசுரு நிக்கிற அளவுதான் ஆகும்.”

“எத்தனை உசுரு? ஒண்ணா, ரெண்டா?”

குழந்தையைப் பார்த்தாள். தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

“நீ தின்னலையா?”

“எனக்கு நடக்கத் தெம்பிருக்கு. எனக்கு ஆகாது.”

“எங்கே, நடந்து காட்டு.”

எழுந்தார். முழங்கால் இரண்டும் மடங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “வழுக்கிடுச்சு.”

“ஆமா, பளிங்குத் தரை பாரு! வாயைத் திற.”

திறந்தார். ஆயிரக்கணக்கான ஆட்டுக்குப் பிஸ்மி சொன்ன நாக்கு இதற்குச் சொல்லத் தயங்கியது. தங்கச்சியே அவருக்கும் சேர்த்து உரக்கச் சொன்னாள். அவள் ஊட்டிய துண்டை அவர் மெல்லத் தொடங்கினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிற்று.

பொழுது சாயும்போது அவள் குழந்தையை மார்பில் போட்டாள். அதன் உதடு திறக்காமல் ஒட்டியபடியே இருந்தது. காம்பால் உரசிக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து, அந்தச் சின்னத் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

“முழுங்கிட்டாளா?”

“பேசாதே, அண்ணே.”

அடுத்த தடவைக்காக இருவரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.