ஒன்பது ஓம்

வலப்பக்க இண்டிகேட்டர் கண் சிமிட்டாமல் எரிந்தபடியே நின்றது. உதுமான் காக்கா தன் டாக்ஸியின் பானெட்டை ஒரு தட்டு தட்டினார். அப்போதும் அப்படியே. எழுபத்தொன்றாம் ஆண்டு ஜூலை, எங்கள் தீவின் மரைன் ஹில்லில் அவர் வீட்டு வாசல். அந்தப் பக்கம் பின்னால் இருந்த இருபத்தோரு வாட் பல்பு உடைந்துபோய், கடையில் கிடைத்த ஐந்து வாட் பல்பை மாட்டியிருந்தார். பெரியது மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மறுநாள் காலை வண்டிக்குத் தகுதிச் சோதனை. தேறாவிட்டால் கப்பல் வரும்வரை அவருடைய அன்றாடப் புரோத்ராபூர் சவாரி கிடையாது.

"சாயங்கால கிளாஸ்ல கரண்டு படிக்கிறியே தம்பி, இதுக்கு ஒரு வழி சொல்லேன்."

வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம். தாளில் போட்ட கணக்கைத் தவிர நான் எதையும் எரிய வைத்ததில்லை. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷருக்குள் இருக்கும் கம்பி, போதிய மின்சாரம் ஓடிச் சூடானால்தான் விளக்கை விட்டு விட்டு எரிய விடும். இப்போது பதினாறு வாட் குறைகிறது. அதை ஒரு மின்தடை வாங்கிக்கொள்ள வேண்டும்: பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஒன்பது ஓம். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒன்பதே வந்தது சந்தேகத்தை அதிகமாக்கியது; ஒரே தப்பை மூன்று முறை செய்திருக்கலாம். அவர் மனைவி சைனம்பு லாத்தா தூக்கிப்போட்டிருந்த ஆயிரம் வாட் ஹீட்டர் காயிலில் ஆறில் ஒரு பங்கை வெட்டி, பீங்கான் ஃபியூஸ் கட்டையில் சுற்றி, டிக்கிக்குள் எதுவும் படாத மூலையில் திருகினேன்.

டிக். டிக். டிக்.

"ஷாபாஷ்! சைனம்பு, உன் அடுப்பு கண்ணடிக்குது வந்து பாரு!"

"சோறாக்கத்தான் அதுக்குத் துப்பில்ல, கண்ணாச்சும் அடிக்கட்டும்" என்றார் லாத்தா உள்ளேயிருந்து.

நோட்டில் எழுத ஏதாவது ஓர் அளவு வேண்டுமென்று, சிமிட்டல் எத்தனை எட்டுவரை தெரிகிறதென எண்ணியபடி வண்டிக்குப் பின்னால் நடந்தேன். தூறலோடு இருட்டத் தொடங்கியிருந்தது. காக்கா சிவப்புப் பின்விளக்கையும் போட்டார். இருபத்தைந்தாவது எட்டில் ஐந்து வாட்டின் மங்கிய சிமிட்டல் அந்தச் சிவப்போடு கலந்துவிட்டது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. பதினாறு வாட்டையும் வாங்கிக்கொண்டு சுருள் டிக்கிக்குள் சும்மா சூடாகிக்கொண்டிருக்கிறது. பெரிய பல்பு இருப்பதாக ஃபிளாஷர் நம்புகிறது. காக்காவும்.

காலைச் சோதனையில் யாரும் இவ்வளவு தள்ளி நின்று பார்க்கமாட்டார்கள். வாயைத் திறந்தால் அவருக்குப் பன்னிரண்டு நாள் பிழைப்பு போகும். எனக்கு அந்த ஷாபாஷ். இந்த இரண்டாவதை முதலாவதோடு சேர்த்து நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலருகே வந்து குனிந்தேன்.

"காக்கா, இது சிமிட்டுது. ஆனா பின்னாடி வர்ற லாரிக்குத் தெரியாது."

"அரே, சத்தம் கேக்குதேடா!"

"சத்தம் உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. "கழட்டச் சொல்றியா? நாளைக்குச் சவாரிய நீ குடுப்பியா?"

"ஒரு தடவ நீங்களே போய்ப் பாருங்க. நான் உள்ள உக்காந்துக்கறேன்."

குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். நான் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடப்பது கண்ணாடியில் தெரிந்தது. சத்தமாக எண்ணினார்.

"பத்து... பதினஞ்சு. நல்லாத் தெரியுது, போடா!"

டிக். டிக்.

"இருவது."

இருபத்துமூன்றுக்குப் பிறகு எண் வரவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையை நெற்றியில் வைத்துக் குனிந்து பார்த்தார். ஓர் எட்டு முன்னால் வந்தார். மறுபடி ஓர் எட்டு பின்னால் போனார்.