பின்னறைத் தங்கை

இரண்டாவது ஸ்டவ்வைக் கையில் வைத்துக்கொண்டு கல்பகம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் கெரசின் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் குளியலறை அண்டாவுக்குள் வைத்து மூடினாள். குவார்ட்டர்ஸ் சோதனைக்கு வருகிறவர் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார். இரண்டு அடுப்பென்றால் இரண்டு குடும்பம். உள்வாடகை விட்டது தெரிந்தால் வீடு போய்விடும், புருஷன் வேதாசலத்தின் வேலைக்கும் ஆபத்து. பாலாநகர்ப் பக்கத்து அந்தக் காலனியில் பாதிப் பின்னறைகளில் ஆள் இருந்தது. கேட்டால் எல்லாம் சித்தி பிள்ளை, மாமன் மகள். சொந்தபந்தத்துக்கு அங்கே குறைச்சலே இல்லை.

கல்பகத்தின் பின்னறையில் ஆரோக்கியமேரியும் அவள் புருஷன் சூசையும் இருந்தார்கள். சூசைக்கு சனத்நகர்ப் பட்டறையில் நைட் ஷிப்ட். சோதனை முடிகிற வரைக்கும் டீக்கடையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார் வேதாசலம். அவரோ காலையிலிருந்து பேப்பரின் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்பகம் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து கால் கடுத்துப்போனாள். வந்து தொலைக்கக் கூடாதா அந்த மனுஷன்?

வந்தார் நாராயணஸ்வாமி. தெலுங்கு ஊரில் இருந்தாலும் தமிழர்தான். அடுப்படியை எட்டிப் பார்த்தார். ஒரே ஸ்டவ். அதன் பக்கத்தில் மேரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்க?"

"என் ஒண்ணுவிட்ட தங்கை சார்" என்றாள் கல்பகம்.

"கல்யாணமான தங்கைன்னா இங்க தங்கக் கூடாதேம்மா. புருஷன் எங்க?" என்றவர் மேரியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். குரல் தணிந்தது. "அடடா. இந்த வயசுலயா?"

இல்லை என்று சொல்லக் கல்பகம் வாயெடுப்பதற்குள் வேதாசலம் முந்திக்கொண்டார்.

"போன வருஷம் சார். என்ன பண்றது, தலையெழுத்து."

"விதவைத் தங்கைன்னா ரூல்ஸ்ல இடம் இருக்கு. நல்லா வச்சுக்குங்க." எதையோ எழுதிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"தப்பிச்சோம்" என்றார் வேதாசலம்.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனைப் போய்…" கல்பகத்தால் மேரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேரி கத்தியைக் கீழே வைத்தாள். "ராத்திரி பூரா மிஷின்ல நிக்கறாருக்கா அவரு."

"பதட்டத்துல சொல்லிட்டாருடி. மனசுல வச்சுக்காதே."

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தூக்கம் தாங்காமல் சூசை வந்துவிட்டான். எதிர்வீட்டு வாசலில் ஆபீசரைக் கண்டதும், யாரோ போலத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டைத் தாண்டிப் போனான்.

மேரி எழுந்து வாசலுக்குப் போனாள். ரவிக்கைக்குள்ளிருந்த தாலியை எடுத்துப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டாள்.

"எங்க போறீங்க? வீடு இங்க இருக்கு. உள்ள வாங்க."

தெரு முழுக்கக் கேட்டது. நாராயணஸ்வாமி திரும்பினார்.

"கல்பகம், அவளை உள்ள கூப்பிடு" என்று பல்லைக் கடித்தார் வேதாசலம்.

கல்பகம் வாசல்வரை போனாள். கூப்பிடவில்லை. சூசை ஒரு காலைத் தரையில் ஊன்றி, மேரியையும் ஆபீசரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான். நாராயணஸ்வாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்க ஆரம்பித்தார்.