யாரு கடைசி?

திங்கட்கிழமை முதல் அந்த ஹார்ட் டிஸ்க் முனகிக்கொண்டிருந்தது. சாந்தா கிளாராவுக்கு வெளியே இருந்த கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இயக்குநர் யாரையும் தொடவிடாத அவருடைய அறைக் கணினியைத் தவிர்த்தால், ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி அது ஒன்றுதான். அதற்குள் ஆராய்ச்சியாளர் நெரெய்தாவின் எட்டு வருட உழைப்பு இருந்தது. எந்தக் கரும்பு வறட்சியைத் தாங்கியது, எது காய்ந்து போனது என்ற கணக்கெல்லாம் அதில்தான். காகிதம் கிடைக்காமல் போனதிலிருந்து நோட்டில் எழுதும் வழக்கமும் நின்றுவிட்டது. டிஸ்க் நின்றால் எட்டு வருடமும் போச்சு.

நெரெய்தா ஊரெல்லாம் கேட்டு இருபத்து நாலு பழைய பிளாப்பிகளைச் சேர்த்து வந்தாள். நிலையத்தில் இருந்த நகலெடுக்கும் நிரலுக்கோ மூக்குநுனியில் கோபம். ஒரு பிளாப்பி கெட்டாலும், கரண்ட் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். 1993இல் கியூபாவில் கரண்ட் போகாத நாள் ஏது? செவ்வாயன்று ஒன்பதாவது பிளாப்பி கெட்டது. புதனன்று பதினாலாவதில் கரண்ட் போனது. நெரெய்தா மேசையில் தலை சாய்த்து அழுதாள். அவளுடைய தோழியும் நிலையத்தின் நிரலருமான இதால்மிஸுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

வியாழன் காலை இதால்மிஸ் ரொட்டிக்கடைக்குப் போனாள். வழக்கம்போல "யாரு கடைசி?" என்று கேட்டு, கையைத் தூக்கிய கிழவியின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தாள். வரிசையில் இருந்த நாற்பது பேரும் பூங்கா முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் முடிவெட்டக்கூடப் போயிருந்தார். சற்று நேரத்தில் கிழவிக்குச் சலித்துவிட்டது.

"நான் போறேன் மகளே. இனிமே அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பின்னாடி நீ."

கிழவி போய்விட்டாள், வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதால்மிஸ் அப்படியே எழுந்து நின்றாள். பட்டியல் யாரிடமும் இல்லை. தனக்கு முன்னால் யார் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும், அது போதும். தனக்குப் பின்னால் இருந்தவளிடம் நீலச் சட்டையைக் காட்டிவிட்டு, ரொட்டி வாங்காமலே நிலையத்துக்கு நடந்தாள்.

ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கணினியில் உட்கார்ந்து வெள்ளி காலைக்குள் எழுதி முடித்தாள். இருநூறு வரிகூட இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் ஓடும், அவ்வளவுதான். ஒவ்வொரு பிளாப்பியிலும் தரவோடு சேர்த்து, அதற்கு முந்தைய பிளாப்பி எது என்றும் எழுதிவைக்கும். இயக்குநர் எவேலியோவுக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதையாயிற்று.

"ரொட்டி வரிசையில படிச்ச படிப்பா இது? நாளைக்குச் சோப்பு வரிசையில நின்னு ராக்கெட் விடுவீங்க போலிருக்கே."

இதால்மிஸ் முனகும் கணினியின் முன் உட்கார்ந்தாள். முதல் பிளாப்பியைச் செருகினாள்.

ஐந்தாவது கெட்டது. நிரல் அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்ததை அதன் இடத்தில் ஏற்றுக்கொண்டது. நெரெய்தா அவள் கையைப் பிடித்தாள். பத்து முடிந்து பதினொன்றாவது பாதியில் இருந்தபோது கரண்ட் போனது. எவேலியோ "நான் சொன்னேன்ல" என்று சொல்லாத குறையாகத் தொண்டையைச் செருமினார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. டிஸ்க் ஒருமுறை இழுத்துப் பார்த்தது, நின்றது. மறுமுறை முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. இதால்மிஸ் கட்டளையைத் தட்டினாள். திரையில் ஒரே வரி வந்தது: யாரு கடைசி?

பத்தாவது பிளாப்பியைச் செருகினாள். நிரல் அதைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இருபத்தொன்றோடு நகல் முடிந்தது. மறுநாள் காலை அந்த டிஸ்க் முனகக்கூட இல்லை.

திங்களன்று இருவரும் பிளாப்பிகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு சாந்தா கிளாராவின் கணினி மையத்துக்குப் போனார்கள். குலுங்கிய குலுக்கலில் பெட்டி கவிழ்ந்து எல்லாம் கலைந்துபோனது. இதால்மிஸ் சிரித்துக்கொண்டே கைக்கு வந்ததையெல்லாம் செருகினாள். கடைசிப் பிளாப்பி உள்ளே போனதும் எட்டு வருடக் கரும்பும் திரையில் வரிசையாக எழுந்து நின்றது. நெரெய்தா அவளைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் இருக்குடி, காய்ஞ்சதுகூட இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இதால்மிஸுக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமை அதற்குமுன் வந்ததில்லை.

அந்த வாரத்துக்குள் செய்தி மாகாணமெங்கும் பரவியது. வெள்ளியன்று நிலையத்தில் மருத்துவமனைக்காரர், ஆலைக்காரர் என்று கையில் ஆளுக்கொரு பிளாப்பியோடு இதால்மிஸின் நிரலை வாங்க வந்து தாழ்வாரமெங்கும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குள்ளிருந்து எவேலியோ வந்தார். அவருடைய கணினியும் முனகத் தொடங்கியிருந்தது, ஆண்டறிக்கை முழுவதும் அதற்குள் இருந்தது. இயக்குநர் ஆயிற்றே என்று நேராக உள்ளே போகப் பார்த்தார். நாற்பது கண்கள் அவரை நிறுத்தின. பிளாப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யாரு கடைசி?"

தனக்கும் ஒரு நகல் வேண்டுமென்று வந்து உட்கார்ந்திருந்த நெரெய்தா கையைத் தூக்கினாள்.

"நான்தான் தோழர். எனக்குப் பின்னாடி நீங்க."