மயிர் உதிர்ந்த மணல்

…ஏழாவது நிமிடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு பேன்முட்டையளவு மேடுகூட இல்லை, சாணி மெழுகின தரை மாதிரி நேர்கோடு, அதைத்தானே கருவியின் பேனை கீறியது, பிறகென்ன… சட்டைப் பையில் மடித்து வைத்த வரைதாளைச் செல்வநாயகம் நூற்றெட்டாவது தடவையாகத் தொட்டுப் பார்த்தான். உரும்பிராய் பஸ் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. பின்னாலிருந்த கிழவிகளின் பற்கள் ஆளுக்காள் மாறியிருக்கும். "உள்ளுக்குப் போங்கோ அண்ணை, உள்ளுக்கை ஒரு கலியாணவீடு நடத்த இடங்கிடக்கு" என்று கொண்டக்டர் முதுகில் தள்ளினான். போகலாம், போகலாம், நல்ல செய்தி கொண்டு போகிறவனை யாரும் தள்ளலாம். ஏரம்பண்ணையின் கிணறு சுத்தம். மூன்று கிழமைக்கு முன் அவரின் மகள் இராசமலர், ஒன்பது வயது, வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் அள்ளிக் குடித்துவிட்டு வந்து படுத்தவள், வாயில் நுரை தள்ளி, பொழுது சாய முன்னம் முடிந்துபோனாள். வெங்காயத்துக்குப் போட்ட குருணைப் பூச்சிமருந்து கிணற்றுக்குள் இறங்கியிருக்குமோ? அன்றிலிருந்து நாலு வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை, கோயில் கிணற்றிலிருந்து சுமக்கிறார்கள். ஏரம்பு ஒரு போத்தல் தண்ணீரைப் பச்சைப்பிள்ளை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். அங்கே கருவி பார்ப்பவன் செல்வநாயகம். நேற்றுப் பின்னேரம் அவரின் தம்பியை இணுவில் சந்தியில் கண்டவுடன் வாய் நிற்கவில்லை: "தண்ணி சுத்தமெண்டு அண்ணையிட்டைச் சொல்லும். நாளைக்குத் தாளோடை வாறன்." சொன்ன வாய் எவ்வளவு இனித்தது…

தூறல். யன்னலால் சாரல் அடித்தது. முன்னுக்கு நின்ற பெண்ணின் பின்னலில் எண்ணெய், துளிகள் மேலேறி மணி மணியாக நின்றன, மயிருக்குள் இறங்கவில்லை. அவனுடைய மொட்டைத் தலையிலோ ஒரு துளியும் தரிக்கவில்லை, நேரே வழுகிக் கண்ணுக்குள் வந்தது. எண்ணெய்க்கு எண்ணெய்தானே சிநேகம்… ஆய்வுகூடக் கருவிக்குள் தண்ணீர் ஓடுகிற குழலும் இதுதான், ஒரு சாண் உருக்குக் குழல், உள்ளே மாவாய் அரைத்த சிலிக்கா மணல், ஒவ்வொரு மணல்மணியிலும் பதினெட்டுக் காபன் அணு நீளத்தில் எண்ணெய் மயிர் முளைக்க வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். பார்க்க வருபவர்களிடம் அவன் அளக்கும் கதை ஒன்று உண்டு: யாழ்ப்பாணத்துப் பெண்டுகள் எல்லாரின் தலைமயிரையும் முடிந்து சந்திரன் வரைக்கும் விட்டாலும் இந்தக் குழலுக்குள் கிடக்கிற மயிரில் கால்வாசி வராது! உப்பு ஒன்றும் அந்த மயிரைப் பிடிக்காது, முதல் நிமிடமே தண்ணீரோடு ஓடி வெளியேறித் தாளில் ஒரு குன்றாய் விழும். மருந்து எண்ணெய்ச் சாதி, மயிரைப் பிடித்துத் தொங்கும், மனமில்லாமல் மனமில்லாமல் ஏழாவது நிமிடத்தில்தான் கையை விடும். மயிர் இருந்தால்… ஏன் இந்த 'இருந்தால்' வந்தது? யார் கேட்டது?

போன கிழமை காய்ச்சி வடித்த தண்ணீர் முடிந்துவிட்டது, அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குழலுக்குள் விட்டான், எங்கள் கிணறுதானே, பாதி தண்ணீர் பாதி சுண்ணாம்பு, குழல் அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வீட்டில் மனைவி பத்மாசினி, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "கேத்திலுக்குள்ளை சுண்ணாம்பு கோட்டை கட்டியிருக்கு. உங்கடை அசிட்டிலை ரெண்டு சொட்டுக் கொண்டு வந்தாலென்ன, நாலு டிகிரி எடுத்த ஆள் மாதிரிக் கதைக்கிறியள்!" அவன் வீட்டுக் கேத்திலை மறந்து ஆய்வுகூடத்துக்கு ஓடினான். நைத்திரிக் அமிலம், உருக்குக்குச் சேதமில்லை, குழல் நிறைய ஏற்றித் திங்கள் வரைக்கும் ஊற விட்டான். திங்கள் காலை அடைப்பு மாயம், அழுத்தம் இறங்கிவிட்டது, தனியே நின்று ஆடினான். சுண்ணாம்பைத் தின்ற அமிலம் மயிரை விட்டுவைத்ததா? கடும் அமிலம் மயிரின் வேரைக் கழற்றும் என்று கைநூலில் இருக்கிறதே, அவனேதான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினான். தெரிந்த மருந்தை விட்டுச் சோதித்தான், ஏழில் சரியாக வந்தது… அது எப்போது? வியாழக்கிழமை. கழுவுவதற்கு முன்னம். கழுவிய பிறகு? திங்கள் நேரே ஏரம்புவின் போத்தல். தாளை இழுத்தெடுத்து விரித்தான், தூறல் பட்டு மை ஊறியது. ஏழில் ஒன்றுமில்லை. முதல் நிமிடத்தில் குன்று, பெருவிரலளவு வரவேண்டியது, உள்ளங்கை அளவு நிமிர்ந்து நின்றது. உப்பென்று எண்ணித் தள்ளியிருந்தான். தோட்டத்து உர உப்பாகவும் இருக்கலாம், இருக்கலாம்… மொட்டை மணலில் பிடிக்க மயிரில்லாத மருந்தும் அந்த நிமிடத்தில்தான் வெளியே வரும்.

படலையடியில் ஏரம்பு காத்துக்கொண்டு நின்றார், மூன்று கிழமைக்குப் பிறகு சவரம் செய்த முகம். "வாருங்கோ தம்பி, உங்களைக் கும்பிட வேணும். தண்ணியிலை இல்லையெண்டால் பிள்ளை என்ரை தோட்டத்தாலை போகேல்லை. ராத்திரித்தான் கண் மூடினன்." கிணற்றடியில் துலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பெண் வாளியோடு சிரித்தாள். எத்தனை வாளி, நேற்றிலிருந்து எத்தனை வாளி… ஏரம்புவின் மனைவி சின்னத்தங்கம் செம்பில் கொண்டு வந்து நீட்டினாள். இடுப்பிலிருந்த கடைசிப் பிள்ளையின் நாடியில் ஈரம். "நீங்கள் சொன்னபடியாலை நாங்கள் நேற்றே குடிச்சிட்டம். வெய்யிலுக்கை வந்தனீங்கள், குடியுங்கோ." வெயில் எங்கே, தூறல்தானே… வாயைத் திறந்தான். மறுபடியும் சோதிக்க வேணும் ஏரம்பண்ணை, நாலே நாலு சொல், அதுவும் வேண்டாம், 'குடியாதேங்கோ' என்று ஒரு சொல். ஏரம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், மழித்த கன்னம் வெளிறி, சின்னப் பிள்ளை மாதிரி. செம்பு குளிர்ந்தது. அது எப்போது தன் கைக்கு வந்தது, எப்போது உதட்டுக்கு ஏறியது என்று செல்வநாயகத்துக்குத் தெரியவில்லை. சொல்வதைவிடக் குடிப்பது சுகமென்று கை தீர்மானித்துவிட்டதுதான் தெரிந்தது.