இத்தாச் சேலை

நஃபீஸா ராத்தாவின் வீட்டுச் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருக்கும். அலுமாரியில் என்ன கிடக்கிறதென்று ராத்தாவுக்கும் தெரியாது, மகள் முஃப்லிஹாவுக்கும் தெரியாது. சமைப்பது, கூட்டுவது, மீன்காரனோடு மல்லுக்கட்டுவது, தண்ணீர் மோட்டார் பழுதானால் ஆள் பிடிப்பது எல்லாம் நான்தான். தொண்ணூறில் யுத்தத்தின்போது, முஸ்லிம்கள் என்பதற்காக, உடுத்த உடையோடு மன்னாரை விட்டு விரட்டப்பட்டவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லை. தில்லையடியில், முன்பு அகதி முகாம் இருந்த இடத்தில், ஓர் அறைக் கல்வீடு எங்களுக்கு இருந்தது. அதில் நடத்துவதற்கு என்ன இருக்கிறது? ராத்தாவின் வீட்டைத்தான் நடத்தினேன்.

கணவர் உப்பளக்கார ஹாஜியார் மௌத்தானதும் ராத்தா இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் விதவை அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளைதான் உடுப்பார்கள். இருந்தது ராத்தா, காவல் நான். பின்னறை யன்னலுக்குத் தடித்த சீலை கட்டியதும், கேற்றில் தட்டியவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான். ஹாஜியாரின் தம்பி மகன் ஹுனைஸ் ஏதோ கையெழுத்து வேண்டுமென்று உள்ளே நுழையப் பார்த்தபோது, வாசலில் கையை விரித்து நின்றுவிட்டேன். வேலைக்காரிக்கு இவ்வளவு திமிரா என்று கத்திவிட்டுப் போனான். அறைக்குள்ளிருந்து ராத்தா அழுதார்.

"என்ட இத்தாவ நீதான் புள்ள காப்பாத்தித் தந்த. ஒனக்கு அல்லாஹ் கூலி தருவான்."

இத்தா முடிந்ததும் அந்த வெள்ளைச் சேலைகளை எனக்கே தந்தார். நல்ல துணி. பல்லிளித்துக்கொண்டு வாங்கினேன். இப்போது நினைக்க எரிச்சலாக வருகிறது.

என் கணவர் சாஹுல் ஹமீது கண்டக்குழியில் அடுத்தவர் படகில் தொழிலுக்குப் போனவர். காற்றுக் காலத்தில் படகு கவிழ்ந்தது. மையித்து கரை ஒதுங்கியபோது முகம் இருந்த நிலையைச் சொல்லி, என்னைப் பார்க்கவிடவில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அந்த மனுசனுக்கு நான் செய்ய மிஞ்சியிருந்தது இத்தா ஒன்றுதான். அதையாவது முழுதாக இருந்து முடிக்க ஆசைப்பட்டேன். தகரப் பெட்டியைத் திறந்து ராத்தாவின் வெள்ளையை எடுத்து உடுத்தேன்.

ராத்தா வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பொய் அழுகை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அரிசியும் பருப்பும் சீனியும் கொண்டுவந்திருந்தார். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"மௌலவிட்ட கேட்டன் றம்லா. சம்பாதிச்சுத் தர ஆளில்லாத பொம்புள பகல்ல வேலைக்குப் போனா குத்தமில்லையாம்."

"ஓம் ராத்தா, நானும் கேள்விப்பட்டிருக்கிறன். ஆனா இருந்து முடிச்சுட்டு வாறனே. அதுவரைக்கும் நீங்க பாத்து ஏதாவது..."

"வீடு கெடக்கிற கெட தெரியுமா ஒனக்கு? முஃப்லிஹாவப் பாக்க மாப்பிள்ள வீட்டார் வேற வாராங்க. நீ வராட்டி வேற ஆள்தான் வெக்கணும். பொறகு அவள எப்பிடிப் போகச் சொல்ற?"

என் வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை என்பது மௌலவி வரைக்கும் போயிருக்கிறது. அந்த அரிசியையும் பருப்பையும் இன்னும் கொஞ்ச நாள் தந்தால் என்ன என்பது மட்டும் ராத்தாவின் மனதில் வரவேயில்லை.

"ஆம்புளையள் வந்தா நான் குசினிய விட்டு வெளிய வரமாட்டன் ராத்தா."

"நீ வர வாணாம். எல்லாம் நான் பாத்துக்கிறன்."

அந்த வார்த்தையை நம்பி மறுநாள் போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று வட்டிலாப்பத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ராத்தா குசினிக்குள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் பச்சைப் பூப்போட்ட சேலை.

"இத உடுத்துக்க. நல்ல காரியத்துக்கு வந்த ஆக்கள், வெள்ளையப் பாத்தா மனசு ஒரு மாதிரியாகும். தேத்தண்ணிய நீதான் கொண்டுவரணும்."

"ராத்தா, முன்னுக்கு ஆம்புளையள் இருக்காங்க. வரவேணாமெண்டு நீங்கதானே..."

"ஒரு நிமிசம்தானே புள்ள. ஒன்ன யாரு பாக்கப் போறாங்க?"

சேலையை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நான் கட்டிய சீலை இன்னும் யன்னலில் அப்படியே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, ராத்தா இத்தா இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ராத்தாவுக்கு அது தேவைப்படவில்லை, வெளியே நான் நின்றேன். எனக்காக நிற்க யாரும் இல்லையே என்று வாய்விட்டு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"றம்லா! தேத்தண்ணி ஆறப்போகுது."

வெள்ளையை அவிழ்த்து மடித்து வைத்தேன். பூப்போட்டதை உடுத்துக்கொண்டு, தட்டை ஏந்தி முன்னறைக்குப் போனேன். முதல் கதிரையில், பெண் வீட்டு ஆளாக ஹுனைஸ் இருந்தான். கோப்பையை எடுக்காமல், சேலையிலிருந்து முகம் வரைக்கும் என்னை நன்றாகப் பார்த்துச் சிரித்தான். சீனி போதுமா தம்பி என்று ராத்தா அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.