இரண்டு தெருவுக்கும் முன்வாசல்

“முன்வாசல் வழியா எங்காத்தாளக் கட்டிலோட தூக்கிட்டுப் போகணும், ஆச்சி. வழி விடச் சொல்லுங்க.”

கேட்டே விட்டாள் கருப்பி. ‘ஆச்சிகிட்ட சோறு கேளு, துணி கேளு, படிப்புக்கு ஒத்தாசை கேளு; முன்வாசலை மட்டும் வாயில எடுக்காதே’ என்று ஆத்தா மலையம்மாள் அவளைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். மலையம்மாள் இந்த வீட்டின் பின்கட்டில் நெல் குத்தியவள், தண்ணீர் சுமந்தவள். மகள் சென்னைக்குப் போய் பி.ஏ. முடித்து வந்த பிறகும் பெரிய கதவின் பக்கம் ஒருநாளும் தலை காட்டாதவள்.

சாலாச்சி ஆச்சி தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கேக்குற நேரமா இது? கோட்டையூர்க்காரக பொண்ணு பாக்கக் கிளம்பியாச்சு. எம் மகளைப் பாக்க வாரவுக கண்ணுல முதல்ல ஒரு கட்டிலா படணும்?”

“முறிஞ்ச கால் சில்லிட்டுப் போச்சு, ஆச்சி. நகமெல்லாம் நீலம். மானகிரி வைத்தியர் கட்டுப் போடவே மாட்டேன்னுட்டாரு. இன்னைக்கே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா உசுருக்கே மோசங்குறாரு.”

“ரயிலடி பின்னாலதானே இருக்கு?”

இருக்கிறதுதான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீடு அது. பெரிய கதவு முன்தெருவில். பின்கதவோ மாடும் நெல் வண்டியும் வேலையாட்களும் புழங்கிய புழுதிப் பாதையில். ரயில் வந்ததும் ஊர் பின்பக்கமாகப் பெருத்தது. புழுதிப் பாதை ஸ்டேஷன் ரோடு ஆயிற்று. காப்பிக் கடை, சோடாக் கடை, ஜட்கா வரிசை என்று வந்து சேர, ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியாருக்குப் பின்கட்டின் மேல் கண் விழுந்தது. இடித்தார். ரோட்டைப் பார்த்துக் கடை வரிசையும் மேலே மச்சும் எழும்பத் தொடங்கின. பின்கதவு இருந்த இடத்தில் சுவர். முன்னாலும் அவர்களுக்கு முன்வாசல், பின்னாலும் அவர்களுக்கு முன்வாசல். வேலையாட்களுக்கு மிஞ்சியது பக்கச் சுவரோரம் சாக்கடைச் சந்து. அதில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். அங்கேதான் தண்ணீர்க் குடத்தோடு பாசியில் வழுக்கி விழுந்து தொடையை முறித்துக்கொண்டாள் மலையம்மாள்.

காலையில் அந்தச் சந்து வழியாகவே அவளை முதுகில் சுமக்கப் பார்த்தார்கள். நாலடி போவதற்குள் அலறி மயங்கிவிட்டாள். புதுக் கடைக்குள் புகுந்து போகலாமென்றால் கொத்தனார் குழந்தைவேலு கையைப் பிசைந்தார். “நேத்துத்தான் தளம் போட்டிருக்கு தாயி. உள்ள பூராவும் தளத்தைத் தாங்குற முட்டு. ஒரு முட்டு நகந்தாலும் மச்சு தலைமேல வந்துரும்.”

இத்தனையும் சொன்னாள் கருப்பி. ஆச்சி இப்போதுதான் நிமிர்ந்தாள். கெட்டவள் இல்லை, கண்ணில் சங்கடம் தெரிந்தது.

“நாளைக்கு ரயிலே வராதாடி? அவுக வந்துட்டுப் போகட்டும். பொழுது சாய நானே வழி விடச் சொல்றேன்.”

“பொழுது சாய ரயில் கிடையாது.”

“பி.ஏ. படிச்சா இப்படித்தான் மூஞ்சிக்கு நேரா பேசச் சொல்லுமா? மச்சு முடியட்டும், அங்க பொம்பளப்புள்ளைக பள்ளிக்கூடம் வைக்கிறோம், நீதான் பெரிய வாத்தியாரம்மான்னு எங்க வீட்டுக்காரகளே சொல்லியிருக்காக. கெடுத்துக்கிடாத.”

அந்த வேலையை நம்பித்தான் வேறெங்கும் மனுப் போடாமல் இருந்தாள் கருப்பி.

“அந்த மச்சுக்கு நான் எந்தப் படியில ஏறணும், ஆச்சி?”

ஆச்சியின் கண் சந்துப் பக்கச் சுவரை நோக்கிப் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். கருப்பிக்கு அது போதும்.

நெல் அறையில் மலையம்மாள் விழித்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. “கேட்டுட்டியா? பாவி மகளே, கேட்டுட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“போகலாம்.”

“ஆச்சியா சொன்னாக?”

“நாந்தான் சொல்றேன். கட்டிலக் கெட்டியாப் பிடிச்சுக்க.”

குழந்தைவேலு தலைமாட்டைப் பிடித்தார். சித்தாள் சின்னச்சாமி கால்மாட்டை. “இன்னைக்கோட நம்ம கூலிக்குக் கும்பிடு போட்டுற வேண்டியதுதான்ணே” என்றான் சின்னச்சாமி. “வாயை மூடிக்கிட்டு மட்டம் பாத்துத் தூக்குடா. அந்தக் கால் ஆடக்கூடாது” என்றார் கொத்தனார்.

கட்டில் முற்றத்தைச் சுற்றி வந்தது. பளிங்குத் தரையில் இருவரின் சுண்ணாம்புக் கால்தடம் விழுந்தது. மலையம்மாள் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு, “என்னைய இறக்கிரு, இங்கனயே கிடந்துக்கிறேன்” என்று முனகிக்கொண்டே வந்தாள். கணக்கப்பிள்ளை குருநாதன் ஓடி வந்து கையை விரித்து மறித்தார். “ஏய் கருப்பி, நில்லு! கார் சத்தம் கேக்குது!”

“கேக்குது கணக்கப்பிள்ளை. தள்ளிக்கங்க.”

அவர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். போகச் சொல்லவுமில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. கருப்பி அவர் தோளை ஒதுக்கிவிட்டு முன்னே நடந்தாள்.

பெரிய கதவு விருந்தாளிகளுக்காக விரியத் திறந்து கிடந்தது. தெருவில் கோட்டையூர்க்காரர்களின் கார் வாசற்படியை ஒட்டி வந்து நின்றுகொண்டிருந்தது. நிலையைத் தாண்டிப் படியில் இறங்கினாள் கருப்பி. டிரைவரிடம் போய், “காரைக் கொஞ்சம் அங்குட்டு நகத்துங்க. கட்டில் வருது” என்றாள்.