நடுவில் நின்ற கோடு

1

இந்தக் கதையை ஒரு புகைப்படத்திலிருந்து திருடினேன். படத்தை எடுத்தவர் என் நண்பர் கோவிந்தராசு. கோவில்பத்திலிருந்து காரைக்காலுக்குச் சைக்கிளில் போய்வரும் ஆபீஸ் குமாஸ்தா. இருட்டில் படம் எடுக்கிற கிறுக்கு அவருக்கு 1981இல் பிடித்தது. பிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வருகிறது, பின்னாலிருக்கும் இரவு காணாமல் போகிறது என்று அலுத்துக்கொள்வார். முக்காலி வாங்கினார். கேமராவின் கண்ணை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கப் பழகினார்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'கடல் கறுத்துக் கிடந்தது, வானமோ...' (வேண்டாம். எல்லாக் கதையிலும் கடல் கறுத்துத்தான் கிடக்கிறது.)

2

நடந்தது இதுதான். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் பொழுது சாய்ந்து கட்டுமரங்கள் கிளம்பும் நேரம். மரத்துக்கு ஒரு அரிக்கேன் விளக்கு. கேமராவின் கண் திறந்திருக்கும்போது விளக்கு நகர்ந்தால் அது படத்தில் கோடாக விழும். அன்றைய கோடுகள் எல்லாம் படத்தின் ஓரம் வரை போயின. தெற்கே போன ஒன்று மட்டும் பாதியில் நின்றுவிட்டது; விளக்கு அங்கேயே அணைந்திருக்கிறது.

அன்று தெற்கே போனவன் கருப்பையன் ஒருவன்தான். அவன் திரும்பவில்லை. மரமும் எங்கும் ஒதுங்கவில்லை.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்து இங்கேயே போடுகிறேன்: எண்ணெய் மிச்சம் பிடிக்க விளக்கைத் தானே அணைத்துவிட்டு இருட்டில் வலை விடுவது கருப்பையனின் வழக்கம். ஊருக்கே தெரியும். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஊருக்கே மறந்துபோனது.]

3

அவன் மனைவி அல்லியை முதல் பிரதியில் நிறைய அழவைத்தேன். கோவிந்தராசு படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு அழுது நான் பாத்ததே இல்லைங்க" என்றார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

கடலுக்குப் போனவன் வராவிட்டால், ஊர்ப் பஞ்சாயத்து கூடித்தான் காரியத்துக்கு நாள் குறிக்கும். அதுவரை மனைவி கழுத்தில் தாலி இருக்கும். ஒரு வருஷம் பொறுத்த பஞ்சாயத்து, படத்தைப் பார்த்து முடிவு செய்வதாகக் கோவிந்தராசுவுக்குச் சொல்லி அனுப்பியது.

4

பிரிண்டில் விழும் தூசிப் புள்ளிகளை மெல்லிய பிரஷால் தொட்டு மறைப்பவர் கோவிந்தராசு. அதே பிரஷில் கொஞ்சம் வெள்ளை தொட்டு இழுத்தால் கோடு ஓரம் வரை போய்விடும்.

முடிவு அ: இழுக்கிறார். தாலி கழுத்திலேயே இருக்கிறது.

முடிவு ஆ: இழுக்கவில்லை. பத்தாம் நாள் பெண்கள் கூடி அல்லியை... (இதை என்னால் முடிக்க முடியவில்லை.)

முடிவு இ: பிரஷ் அந்தரத்தில் நிற்கும்போதே கதையை நிறுத்துவது. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. 'மீதி வாசகருக்கு' என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்ளலாம்.

5

பஞ்சாயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அல்லி பஸ் பிடித்துக் கோவில்பத்துக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். படத்தை வாங்கி, கோடு நிற்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

"வேணும்னா இதக் கடைசி வரைக்கும் இழுத்துடறேம்மா" என்றார் கோவிந்தராசு.

"இழுத்தா வந்துடுவாருங்களா?"

அவர் பிரஷை மேஜைமேல் வைத்தார்.

"வாசல்ல காலடிச் சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சு ஓடுறேன் சார். அவரு கைலியத் துவைச்சுத் துவைச்சு மடிச்சு வெக்கிறேன். செத்துட்டாருன்னா அழுதுட்டு எந்திரிப்பேன். இருக்காருன்னா காத்துக்கிட்டிருப்பேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நீங்கதான அங்க நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"எனக்குத் தெரியலம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

நானும் அதையேதான் சொன்னேன்.

6

முடிவு இ அந்த இடத்திலேயே செத்தது. முடிவு சொல்லாமல் விடுவது எழுதுகிறவனுக்குக் கௌரவம். அல்லி ஒரு வருஷமாக அனுபவித்துவரும் தண்டனையும் அதுதான். வெட்கமாக இருக்கிறது. இருந்தும் அடுத்த வரி எனக்கு ஓடவில்லை.

ஆகவே நீங்கள் வந்தாக வேண்டும். படம் மேஜைமேல் கிடக்கிறது. பிரஷும் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இருக்கிறான் என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள், உங்கள் இஷ்டம். தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நாங்கள் இரண்டு பேரும் சொல்லியாகிவிட்டது.